கண்ணுக்குக் கீழ் போட்ட ஃபில்லரைக் கரைப்பது எப்படி

முதல் வேலை, பழைய ஸ்டிக்கரைத் தேடுவது. ஃபில்லர் (பள்ளத்தை நிரப்ப ஊசியில் ஏற்றும் பொருள்) சிரிஞ்சோடு பெயரும் லாட் எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாள் வரும். போட்டவர்கள் அதை உங்கள் கோப்பில் ஒட்டியிருக்க வேண்டும். கேட்டால் தர வேண்டும். அந்தப் பெயர் தெரியாமல் கரைக்கப் போவது இருட்டில் ஊசி தேடுகிற கதை. கரைக்க இருக்கிற மருந்து ஒன்றே ஒன்று: ஹயலூரானிடேஸ் என்ற நொதி. அது ஹயலூரானிக் ஆசிட் (நம் உடம்பிலும் உள்ள, தண்ணீரை இழுத்து வைக்கும் பொருள்) ஜெல்லை மட்டுமே உடைக்கும். ரெஸ்டிலேன், ஜுவெடெர்ம், பெலோட்டெரோ, டியோசியால் எல்லாம் இந்த வகை. ரேடியஸ் என்ற ஃபில்லர் கால்சியத் துகள், ஸ்கல்ப்ட்ரா என்பது பாலிலாக்டிக் ஆசிட். இவற்றின் மேல் எத்தனை ஊசி போட்டாலும் அசையாது. வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ கொழுப்பை எடுத்து நிரப்பியிருந்தாலும் அதே நிலைதான்.

பெயர் கிடைக்கவே இல்லையென்றால் அல்ட்ராசவுண்ட் உதவும். வயிற்றுக்குப் பார்க்கிற சாதாரணக் கருவி போதாது, தோலுக்கென்று உள்ள உயர் அதிர்வெண் கருவி வேண்டும். ஹயலூரானிக் ஜெல் திரையில் கருப்புக் குட்டைகளாகத் தெரியும். கால்சியம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், கீழே நிழலும் விழும். ஜெல் எந்த ஆழத்தில், எவ்வளவு கிடக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும் என்பதால், பெயர் தெரிந்தவர்களுக்கும் இதைப் பார்ப்பது நல்லது.

அடுத்த கேள்வி: தெரிகிற குறைக்குக் காரணம் ஃபில்லர்தானா? பாதிக் குழப்பம் இங்கேதான். கண்ணாடி முன்னால் நின்று மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

தோலுக்கடியில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது ரத்தக்கட்டாகவும் இருக்கலாம், மேலோட்டமாக நிற்கும் ஜெல்லாகவும் இருக்கலாம். ரத்தக்கட்டு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்துக்குள் போய்விடும். ஜெல்லின் நீலம் நிறம் மாறாது, மாதக் கணக்கில் அப்படியே நிற்கும். இமைத் தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. அதற்கடியில் தெளிவான ஜெல் இருந்தால் ஒளி சிதறி நீலமாகத் தெரியும். இதை டிண்டால் விளைவு என்பார்கள். இதற்கு மஞ்சளும் உதவாது, கிரீமும் உதவாது. கரைப்பதுதான் வழி.

இரண்டாவது வீக்கம். காலையில் எழுந்ததும் உப்பி, சாயங்காலம் வடிந்து, முந்தின ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் இன்னும் கூடுகிறதா? ஜெல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது, கன்னத்து மேல்மேட்டில் நிணநீர் வடியும் வழியையும் அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே உயர்த்தினால் பை பெரிதாகத் துருத்துகிறது என்றால், அது பெரும்பாலும் கண்குழிக் கொழுப்பு முன்னால் தள்ளுவது. அதை எந்த ஊசியும் கரைக்காது. இரண்டு இமையும் சேர்ந்து உப்புகிறது, ஃபில்லர் போடும் முன்பே கொஞ்சம் இருந்தது என்றால் தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை முதலில்.

மூன்றாவது கருவளையம். விரலால் தோலை மெல்ல இழுத்தும் நிறம் மாறவில்லை என்றால் அது தோலின் நிறமிதான். நம் ஊர்த் தோலில் இது மிகச் சாதாரணம். இதற்காக ஃபில்லர் போட்டதே தப்பு. கரைத்தாலும் கருமை போகாது. கரைத்த பிறகு பள்ளத்தின் நிழலும் சேர்ந்து இன்னும் கருப்பாகத் தெரியும்.

எப்போது கரைக்கலாம்? ஃபில்லர் போட்ட முதல் இரண்டு வாரம் வீக்கமும் மேடுபள்ளமும் இருப்பது இயல்பு. அந்த நாட்களில் அவசரப்பட வேண்டாம். பழையதாகிவிட்டால் தானாகவே போயிருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும் என்று விளம்பரம் சொன்னாலும், அசைவு குறைந்த இந்த இடத்தில் பல வருடம் கழித்தும் ஜெல் கிடப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. ஐந்து வருடத்துக்கு முன் போட்டது இப்போது வீங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அது கற்பனையில்லை.

யாரிடம் போவது? இமையையும் கண்குழியையும் அறுவை செய்யும் ஆக்குலோபிளாஸ்டி கண் மருத்துவர் முதல் தேர்வு. கண்ணுக்குக் கீழே தினமும் ஊசி போட்டுப் பழகிய தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ என்றாலும் சரி. பியூட்டி பார்லர் வேண்டாம். ஆன்லைனில் வயல் வாங்கி வீட்டில் குத்திக்கொள்வது அறவே கூடாது. கண்ணிலிருந்து விரலகல தூரத்தில் ஊசி, ஒவ்வாமை வந்தால் கையில் அட்ரினலின் (கடும் ஒவ்வாமைக்குப் போடும் அவசர ஊசி) கிடையாது. ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஃபில்லர் ஏற்றும் ஹயலூரான் பேனாக்களை எதிர்த்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-இல் எச்சரிக்கை விட்டது. அப்படிப் போட்டுக்கொண்டவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஜெல் எங்கே போய் நிற்கிறது என்று ஊகிக்க முடியாத வகை அது.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை இன்னும் உண்டு. தேனீயோ குளவியோ கொட்டி உடம்பு முழுக்கத் தடித்ததா? அந்த விஷத்திலும் ஹயலூரானிடேஸ் இருக்கிறது, ஒவ்வாமை இங்கும் வரலாம். இதே மருந்து முன்பு ஏறியிருக்கிறதா? கண்புரை அறுவையில் மரத்துப்போகப் போடும் ஊசியில் இதைக் கலப்பதுண்டு. ஆஸ்பிரின், ஸ்டீராய்டு, ஈஸ்ட்ரோஜன், அலர்ஜி மாத்திரை இவற்றை அதிக அளவில் எடுத்தால் நொதி சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று மருந்துத் தாளிலேயே எழுதியிருக்கிறது. அதற்காக இதய மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களே நிறுத்தாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுவதே வழக்கம். கண்ணைச் சுற்றிச் சீழ்க்கட்டியோ சிவந்த வலியோ இருந்தால் அன்று ஊசி இல்லை. திசுவின் ஒட்டுதலைத் தளர்த்துகிற மருந்து கிருமிக்கும் வழி திறந்துவிடும். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் அதே நாளில் வேண்டாம், போகக்கூடாத தசைக்குப் பரவும்.

இனி மருந்து. அமெரிக்காவில் ஹைலனெக்ஸ் மி.லி.க்கு 150 யூனிட், விட்ரேஸ் 200 யூனிட் என்று திரவமாகவே வருகின்றன. பிரிட்டனின் ஹயலேஸும் இந்தியாவில் கிடைக்கும் ஹைனிடேஸும் 1500 யூனிட் தூள். தூள் என்றால் சலைன் விட்டுக் கரைக்க வேண்டும், தப்பு நடக்கிற இடம் அதுதான். 10 மி.லி. சலைன் விட்டால் மி.லி.க்கு 150 யூனிட், 0.1 மி.லி. எடுத்தால் 15 யூனிட். அதே வயலில் 1 மி.லி. மட்டும் விட்டால் அதே 0.1 மி.லி.யில் 150 யூனிட். உதட்டுக்கோ கன்னத்துக்கோ கெட்டியாகக் கலந்து பழகியவர் கண்ணுக்கும் அதையே எடுத்தால் பத்து மடங்கு போய்விடும்.

சிரிஞ்சிலும் ஒரு பொறி இருக்கிறது. இன்சுலின் சிரிஞ்சில் யூனிட் என்று அச்சிட்டிருப்பது இன்சுலின் யூனிட், இந்த மருந்தின் யூனிட் இல்லை. நம் நாட்டில் சிவப்பு மூடி யூ-40 (மி.லி.க்கு 40 கோடு), ஆரஞ்சு மூடி யூ-100 (மி.லி.க்கு 100 கோடு) இரண்டும் புழங்குகின்றன. 150-க்குக் கலந்த மருந்தை 10 என்ற கோடுவரை இழுத்தால் ஆரஞ்சு மூடியில் 15 யூனிட், சிவப்பு மூடியில் 37.5 யூனிட். ஆகவே, "எத்தனை மி.லி.யில் கலந்தீர்கள், எனக்கு மொத்தம் எத்தனை யூனிட் போகிறது?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பதில் சட்டென்று வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

அளவுக்குப் பலரும் கைக்கொள்ளும் கணக்கு: ரெஸ்டிலேன் போன்றது 0.1 மி.லி. இருந்தால் 5 யூனிட், இறுக்கமாகப் பிணைத்த ஜுவெடெர்ம் வகைக்கு 10 யூனிட். ஒரு பக்கம் 0.3 மி.லி. கிடக்கிறது என்று வையுங்கள், 15 முதல் 30 யூனிட். இது தொடக்கக் கணக்குதான். பழைய ஜெல் சில சமயம் பிடிவாதம் பிடிக்கும், சில சமயம் தொட்டதும் போய்விடும். அதனால்தான் கண்ணுக்குக் கீழே குறைவாகப் போட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கும் வைத்தியர் கெட்டிக்காரர். மிச்சமிருந்தால் இன்னொரு ஊசி போடலாம். கூடிப் போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஊசிக்கு முன்னால் முன்கையின் உள்பக்கம் சோதனை: 150-க்குக் கலந்ததில் 0.02 மி.லி., அதாவது 3 யூனிட், தோலுக்குள். ஐந்து நிமிடத்துக்குள் கால் முளைத்தது போல விளிம்பு நீண்ட தடிப்பு எழும்பி, அரிப்போடு 20 முதல் 30 நிமிடம் நின்றால் ஒவ்வாமை இருக்கிறது, மருந்து வேண்டாம். வெறும் சிவப்பு மட்டும் வந்து மறைந்தால் பயமில்லை. காலையில் செட்ரிசின் போட்டுக்கொண்டு போனால் சோதனை பொய் சொல்லும்.

பிறகு உட்கார்ந்த நிலையில், மேலிருந்து வெளிச்சம் விழும்படி மேட்டை மார்க்கரில் குறிப்பார்கள். படுத்தால் பள்ளம் மாறிவிடும் என்பதால் குறிப்பது உட்கார்ந்துதான். போட்டோவும் அப்போதே. 30 அல்லது 32 கேஜ் மெல்லிய ஊசியால், ஜெல் நிற்கும் அதே ஆழத்தில், பக்கத்துக்கு மூன்று நான்கு இடத்தில் துளித் துளியாகப் போடுவார்கள். நொதி ஜெல்லைத் தொட்டால்தான் உடைக்கும். எலும்பை ஒட்டி ஜெல் கிடக்க, தோலுக்கடியில் மருந்தை விட்டால் பலன் பாதிதான். பிறகு கையுறை விரலால் ஒரு நிமிடம் மெல்லத் தேய்த்துப் பரப்புவார்கள். எரிச்சல் சில நொடி இருக்கும். அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றல் இவை வந்தால் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஜெல் சில மணி நேரத்திலேயே இளகும், 48 மணி நேரத்தில் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் ஊசியின் வீக்கமும் ரத்தக்கட்டும் ஒரு வாரம் கண்ணை ஏமாற்றும். மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் பத்துப் பத்து நிமிடம், இரண்டு தலையணை வைத்துத் தூக்கம், இரண்டு நாள் ஜிம்மும் வெந்நீர்க் குளியலும் வேண்டாம், இவ்வளவு போதும். கண்ணோரம் மறுநாள் அரிப்போடு பொங்கி வீங்கினால் அது தாமதமாக வரும் ஒவ்வாமையாக இருக்கலாம், போன் செய்யுங்கள்.

பலரையும் அழவைப்பது மூன்றாம் நாள். வீக்கம் வடியத் தொடங்கியதும் பள்ளம் பழையதைவிட ஆழமாகத் தெரியும். உடம்பின் சொந்த ஹயலூரானிக் ஆசிட்டும் போய்விட்டது, இனி முகம் இப்படித்தான் என்ற பயம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. கொஞ்சம் போவது உண்மை. ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் உடம்பில் சுமார் 15 கிராம் இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் உடைந்து புதிதாக உருவாகிறது. நொதியோ ஓரிரு நாளில் அடங்கிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் தோல் கொஞ்சம் தேறும். திரும்பாதது ஒன்று உண்டு: அதிகமாகப் போட்டு வருடக் கணக்கில் இழுபட்ட தோல் சுருக்கமாகத் தொங்கும். அதற்குக் காரணம் கரைத்த மருந்து இல்லை, போட்ட ஃபில்லர். இன்னொன்று, ஃபில்லர் போட்டு வருடங்கள் ஓடியிருந்தால் இப்போது நீங்கள் பார்ப்பது அன்றைய முகமில்லை, இன்றைய வயதின் முகம். பழைய போட்டோவோடு ஒப்பிடும்போது அதையும் கணக்கில் சேருங்கள்.

அவசர நிலை முற்றிலும் வேறு. ஃபில்லர் போடும்போதோ போட்ட கொஞ்ச நேரத்திலோ தோல் வெளுத்து, வலை பின்னியது போல ஊதா நிறம் படர்ந்து, வலி தாங்க முடியாமல் போனால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. அங்கே மேலே சொன்ன சிக்கனக் கணக்கு செல்லாது. தோல் சோதனைக்குக் காத்திருக்காமல் 500 யூனிட், தேவைப்பட்டால் அதற்கு மேலும், மணிக்கொரு முறை போடுவார்கள். பார்வை மங்கினால் அது நிமிடக் கணக்கு. நேராகக் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

திரும்பவும் நிரப்பிக்கொள்ள ஆசையா? குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம் விடுங்கள். சீக்கிரம் போட்டால் மிச்ச வீக்கத்தின் மேலேயே அளவு பார்த்ததாகிவிடும். தண்ணீர் அதிகம் இழுக்காத மெல்லிய ஜெல், பழைய அளவில் பாதி, அதுவும் எலும்பை ஒட்டி. கன்னத்து மேட்டில் காலை வீக்கம் இருந்தவர்களுக்கு எந்த ஜெல்லும் ஒத்துவராது. இமைக் கொழுப்பை இடம் மாற்றும் அறுவையைப் பற்றிக் கேட்கலாம்.

தோல் சோதனையில் தடிப்பு வந்தவர்கள், எத்தனை யூனிட், எந்த மருந்து என்பதைப் போனில் மட்டுமல்ல, வீட்டு மருத்துவக் கோப்பிலும் எழுதி வையுங்கள். இருபது வருடம் கழித்துக் கண்புரை அறுவைக்குப் படுக்கும்போது, மரத்துப்போகும் ஊசியைக் கலக்கும் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.