பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து வீட்டு பீரைக் கேஸ் கொடுத்து இறக்கும் முறை

இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள், ஒவ்வொரு தடவையும் நாற்பது நாற்பத்தைந்து புட்டிகளைக் கழுவி மூடி அடிக்கும் வேலையில் சலித்துப்போய், சீக்கிரமே ஐந்து காலன் பிளாஸ்டிக் பீப்பாய்க்கு வந்துசேர்கிறார்கள். ஏறத்தாழ 23 லிட்டரும் ஒரே பாத்திரத்தில் அடங்கிவிடும். அடியில் ஒரு குழாய், மேலே திருகு மூடி, மூடியின் நடுவில் கேஸை உள்ளே விடவும் மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றவும் ஒரு பித்தளை வால்வு, அவ்வளவுதான் அமைப்பு. முதல் பத்துப் பதினைந்து பைன்ட் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) தானாகவே பாய்ந்து வரும். பிறகு ஓட்டம் மெலியும். ஒருநாள் மாலை குழாயைத் திறந்தால், பீர் வருவதற்குப் பதிலாக ‘களக், களக்’ என்று பீப்பாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். முதல் பீப்பாயில் அந்தச் சத்தத்தை நான் பொருட்படுத்தாமல் ஒரு வாரம் அப்படியே பிடித்துக் குடித்தேன். இரண்டாம் வாரம், மிச்சமிருந்த பத்து லிட்டரும் நனைந்த அட்டையின் வாடையும் காடியின் புளிப்புமாகச் சாக்கடைக்குப் போயின. அந்தச் சத்தம் எழுவதற்கு முன்பே கேஸ் கொடுத்துவிட வேண்டும்.

இங்கே கேஸ் என்று சொல்வது சமையல் கேஸ் அன்று. கோலி சோடாவின் கோலியை மேலே தள்ளி நிறுத்துகிற அதே கரியமில வாயு. சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் வீட்டு பீருக்கான உரிமத்தை நீக்கியதிலிருந்து, சொந்தக் குடிக்காகக் காய்ச்சுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பதே குற்றம் என்பதால், அங்கிருந்து படிப்பவர்கள் இதைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலோர், கேஸ் என்பது பீருக்கு நுரையும் சுறுசுறுப்பும் ஊட்டுவதற்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் பீப்பாயைப் பொறுத்தவரை அது தவறு. நுரைக்கு வேண்டிய வாயுவை, அடைக்கும்போது சேர்க்கிற சர்க்கரையைத் தின்று ஈஸ்டே உண்டாக்கிவிடும். வெளியிலிருந்து நாம் கொடுப்பது, வெளியேறிய பீர் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்புவதற்காக மட்டுமே. பப் எனும் மதுக்கடையில், வெளிக் கேஸ் இல்லாமல் இறக்கும் ஏல் என்ற மரபு பீரின் பீப்பாயைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் காலியாகிவிடும் என்பதால், அதற்குள் காற்று புகுந்தாலும் பெரிய கேடில்லை. வீட்டிலே ஒரு பீப்பாய் தீர நான்கைந்து வாரமாகும். அத்தனை நாள் காற்றோடு கிடந்தால் எந்த பீரும் தாங்காது. வெளிக் கேஸே கூடாது என்று சாதிக்கிற சுத்த ஏல்காரர்களுக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லலாம். மரபு ஏலைக் காப்பதற்காக 1971இல் தொடங்கப்பட்ட கேம்ரா அமைப்புகூட, காற்றுக்குப் பதிலாக மெல்லிய அழுத்தத்தில் கரியமில வாயுவைப் பீப்பாய்க்குள் விடும் கருவியை நெடுங்காலம் எதிர்த்துவிட்டு, 2018இல் அந்த எதிர்ப்பைக் கைவிட்டது.

பீரை ஊற்றுவதற்கு முன் பீப்பாயைச் சோதிக்க வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு கேஸுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். குழாயின் வாஷரையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள்; நன்றாக இருந்தால் உணவுத் தரச் சிலிக்கோன் கிரீஸை மெலிதாகத் தடவி மாட்டுங்கள். பலர் வாசலைன் தடவுகிறார்கள், ஆனால் நாளடைவில் அது சிலவகை ரப்பரை ஊதிப்போகச் செய்யும். மூடியைக் கை பலத்தால் மட்டும் இறுக்க வேண்டும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் வளையம் கோணிக்கொண்டு, இறுக இறுகக் கசியும். பிறகு பாதியளவு தண்ணீர் நிரப்பி, ஒரு சிறு குப்பி கேஸ் ஏற்றி (ஏற்றும் முறை கீழே வருகிறது), பாத்திரம் துலக்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து மூடியைச் சுற்றியும் வால்வின் மேலும் குழாயின் அடியிலும் பிரஷால் பூசுங்கள். கசிவு இருக்குமிடத்தில் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு எழும். ஓர் இரவு வைத்திருந்து காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாகப் பீறிட வேண்டும். கழுவும்போது கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் நெளியும், கம்பி நாரால் தேய்த்தால் கீறலில் கிருமி தங்கும்; ஆகவே வெதுவெதுப்பான நீரும் மெல்லிய துணியும் போதும்.

நொதித்தல் முழுதும் முடிந்த பீரைத்தான் பீப்பாய்க்கு மாற்ற வேண்டும். பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாளாக ஒரே எண்ணைக் காட்டினால் முடிந்தது என்று பொருள். 23 லிட்டருக்கு ஏறத்தாழ 80 கிராம் சர்க்கரையைக் கொதிக்கவைத்த சிறிது நீரில் கரைத்து, ஆறவைத்துச் சேர்க்கலாம். புட்டிக்குப் போடும் அளவை இங்கே போடக் கூடாது, ஏனென்றால் இந்தப் பீப்பாய்கள் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்தக் கணக்கு) அளவுக்கே ஏற்றவை. உங்கள் பீப்பாயோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதியானது. ஒரு வாரம் அறைச் சூட்டிலும், பிறகு இரண்டு வாரம் 12 டிகிரி அளவிலான குளிர்ந்த இடத்திலும் வைத்தால் பீர் தெளிந்துவிடும்.

இனி கேஸ். சிறிய முறையில், 8 கிராம் கரியமில வாயு அடைத்த உருக்குக் குப்பியைப் பிடிக்குள் வைத்து வால்வில் திருகுகிறோம். ஊசி குத்தியதும் வாயு உள்ளே பாய்கிறது. அந்த 8 கிராம், அறைச் சூட்டில் விரிந்தால் ஏறத்தாழ நாலரை லிட்டராகும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நேரா. பீப்பாய் பாதி காலியாகி, மேலே பதினொரு லிட்டர் இடம் இருக்கும்போது ஒரு குப்பியை விட்டால் அழுத்தம் 6 பி.எஸ்.ஐ. அளவே கூடும், அது சரியான அளவு. நிறைந்த பீப்பாயில், மேலே இரண்டே லிட்டர் இடம் இருக்கையில், அதே குப்பியை விட்டால் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் எகிறும். வால்வு தன் கடமையைச் செய்து உபரியை வெளியேற்றிவிட்டால் ஒரு குப்பி வீண். வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் மூடியோ குழாயோ பிய்த்துக்கொள்ளும். ஆகவே பீப்பாய் மூன்றில் ஒரு பங்காவது காலியாகும்வரை குப்பியைத் தொடவே வேண்டாம். அதுவரை பீர் தன் சொந்த அழுத்தத்திலேயே வரும்.

ஓட்டம் தண்டுபோல் விழாமல் நூலாக மெலியும்போது, ‘களக்’ சத்தத்துக்குக் காத்திராமல், குழாயை மூடிவிட்டுக் குப்பியை ஏற்றுங்கள். கையுறையோ தடித்த துணியோ கட்டாயம். வாயு விரியும்போது குப்பி பனி பூத்து, வெறும் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்துவிடும். தயங்கித் தயங்கித் திருகினால் ஊசி அரைகுறையாகக் குத்தி, பாதி வாயு உங்கள் முகத்தில் சீறும். ஒரே சீராக, நிற்காமல், இறுகும்வரை திருகிவிட வேண்டும். சீறல் அடங்கியபின் ஒரு நிமிடம் பொறுத்துப் பிடியைக் கழற்றுங்கள். எனக்கு ஒரு பீப்பாய்க்கு நான்கைந்து குப்பிகள் செலவாகின்றன. கிரீம் அடிக்கும் குப்பிகளும் அச்சாக இதே உருவில் இருக்கும், ஆனால் அவற்றில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு. அது இந்த வேலைக்கு ஆகாது, பிரிட்டனில் 2023 நவம்பர் முதல் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஏர்கன்னுக்கான குப்பிகள் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும் என்பதால் அவையும் வேண்டாம்.

மாதம் ஒரு பீப்பாய் தீர்க்கும் வீட்டுக்கு, ரெகுலேட்டர் வைத்த பெரிய சிலிண்டரே கட்டுப்படியாகும். சிலிண்டருக்குள் வாயு திரவமாக, 20 டிகிரிச் சூட்டில் சுமார் 57 பார், அதாவது 800 பி.எஸ்.ஐ.க்கு மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கிறது. ரெகுலேட்டர் இல்லாமல் அதைப் பிளாஸ்டிக் பீப்பாயோடு இணைக்க நினைப்பதே ஆபத்து. நிமிர்த்தி, சாயாதபடி சுவரோடு கட்டி வையுங்கள், படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் ஏறும். திரவம் தீரும்வரை அழுத்தமானி ஒரே எண்ணைக் காட்டும் என்பதால், எவ்வளவு மிச்சம் என்று அறியத் தராசில்தான் நிறுக்க வேண்டும். ரெகுலேட்டரை முழுதும் தளர்த்திவிட்டுச் சிலிண்டரைத் திறந்து, மெதுவாக 5 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி, சில நொடிகள் விட்டு, சிலிண்டரை மறுபடி மூடிவிடுங்கள். இரவெல்லாம் இணைத்தே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கசிவு போதும், காலையில் சிலிண்டர் காலி.

காசு போவதைவிட அந்தக் கசிவில் வேறோர் அபாயம் உண்டு. 2 கிலோ வாயு விரிந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேலாகும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும், மணமும் இல்லை. லண்டன் வரிசை வீடுகளில் பீப்பாய் வைக்க எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்துதான். பீப்பாய் அங்கே இருக்கட்டும், சிலிண்டரைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். காரணமில்லாமல் தலை வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வெளியேறிவிட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டும்.

பிடிக்கும்போது குழாயை முழுதும் திறந்து, கோப்பையைச் சாய்த்துப் பிடியுங்கள். பாதி திறந்தால் இடுக்கில் பீர் கலங்கி நுரையாகவே வரும். முதல் அரை பைன்டில் அடிமண்டி கலந்திருக்கும், அதைக் கொட்டிவிடலாம். முழுதும் திறந்தும் நுரையே வந்தால் அழுத்தம் கூடிவிட்டது என்று கொண்டு, மூடியை மிக மெல்லக் கால் சுற்று தளர்த்தி, ‘உஸ்’ சத்தம் தணிந்ததும் இறுக்குங்கள். கேஸ் சரியாக இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், ஏனெனில் இந்த வகைப் பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் சிறிது சிறிதாக உள்ளே ஊடுருவும். பீப்பாய் காலியானபின் மிச்ச அழுத்தத்தைக் குழாய் வழியாக இறக்கிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். வால்வுத் துளையின் மேல் ரப்பர் உறை இருந்தால் அதைப் புதுசாக மாற்றிவிடுங்கள். சில காசு பெறுமானமுள்ள அந்த உறை தடித்துப்போனதால்தான் என் இரண்டாவது பீப்பாயில் ஏழு குப்பிகள் ஏற்றியும் பீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது.