வொர்க்ஸ் மினி கூப்பர் எஸ்: நம்பர் பிளேட்டைத் தாண்டி அடையாளம் காண்பது எப்படி?

பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கார் நிறுவனத்தின் போட்டிப் பிரிவு இங்கிலாந்தின் அபிங்டனில், எம்.ஜி. தொழிற்சாலை வளாகத்தில் இயங்கியது. அங்கே ராலிக்கெனத் தயாரான மினிகளைத்தான் 'வொர்க்ஸ்' கார்கள் என்பார்கள். அவை 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றன. வென்ற 33 இஜேபி, ஏஜேபி 44பி, எல்பிஎல் 6டி என்ற பதிவெண்கள் கொண்ட மூன்று கார்களும் இன்று கேடன் கிராமத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. விற்பனைக்கு வருபவை அவற்றோடு ஓடிய மற்ற கார்கள். ஆராய வேண்டியது அவற்றைத்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ராலியில் பாடி நசுங்கினாலோ தளர்ந்தாலோ அபிங்டனில் புது பாடி ஷெல்லை எடுத்து, பழைய நம்பரையும் லாக்புக்கையும் (பதிவுப் புத்தகம்) அதற்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே ஒரே பதிவெண் இரண்டு, மூன்று ஷெல்களில் வாழ்ந்திருக்கலாம். பதிவெண், சேசிஸ் பிளேட், இரும்பு ஷெல் ஆகிய மூன்றின் வரலாற்றையும் தனித்தனியாகத் தேடி, கடைசியில்தான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

பதிவெண்ணில் பிராந்திய எழுத்துகளைப் பாருங்கள். ஜேபி, பிஎல், ஆர்எக்ஸ் மூன்றும் அபிங்டன் அப்போது இருந்த பெர்க்‌ஷயருக்கு உரியவை. எண்ணுக்குப் பின்னால் தனி எழுத்து ஒன்று இருந்தால் அது ஆண்டைச் சொல்லும்: பி 1964, சி 1965, டி 1966. பழைய அட்டை லாக்புக் கிடைத்தால் அது பொக்கிஷம். உரிமையாளர், நிறம், எஞ்சின் மாறியதெல்லாம் தேதி முத்திரையோடு அதில் பதிவாகியிருக்கும். அடுத்து, கேடன் அருங்காட்சியக ஆவணக் காப்பகத்தில் ஹெரிடேஜ் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். தயாரான தேதி, நிறம், எஞ்சின் எண், கார் அனுப்பப்பட்ட இடம் ஆகியவை அதிலிருந்து தெரியும்.

மினி ஆஸ்டின், மோரிஸ் என இரண்டு பெயர்களில் விற்கப்பட்டது. சேசிஸ் எண் ஆஸ்டின் கூப்பர் எஸ்ஸில் சி-ஏ2எஸ்7 என்றும், மோரிஸில் கே-ஏ2எஸ்4 என்றும் தொடங்கும். ஆனால் அது சிறு தகட்டில் உள்ள எண்தான். தகட்டைக் கழற்றி வேறு காரில் மாட்டச் சில நிமிடங்கள் போதும். எஞ்சின் எண்ணுக்கு அதைவிடக் குறைந்த மதிப்பே கொடுங்கள். ராலி எஞ்சின்கள் கார் விட்டுக் கார் மாறின. எண் பொருந்தாததால் மட்டும் ஒரு காரைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது.

நேரம் செலவிட வேண்டிய இடம் ஷெல். பின்சீட்டுக்கு அடியில், டிக்கிக்குள், டேஷ்போர்டின் பின்புறம் என மறைவான இடங்களில், உரிமையாளரின் அனுமதியோடு, 2 செ.மீ. அளவுக்கு 1,000 கிரிட் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் பெயின்ட் அடுக்குகள் விரியும். வொர்க்ஸ் கார்களின் வழக்கமான நிறம் சிவப்பு உடல், வெள்ளைக் கூரை. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சையோ நீலமோ தெரிந்தால், ஷெல் வேறொரு காருடையதாக இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். ஷெல்லை அமிலத்தில் முக்கிப் பெயின்டை நீக்கியிருந்தால் இந்தச் சாட்சி போய்விடும். அப்போது ஓட்டைகளைத் தேடுங்கள். பெட்ரோல் குழாயையும் பேட்டரி கேபிளையும் கல்லடி படாமலிருக்கக் காருக்குள்ளேயே கொண்டுபோனார்கள். ஹால்டா தூரமானிக்கும் கூடுதல் விளக்குகளுக்கும் துளையிட்டார்கள். அடைத்த துளை வெளியே தெரியாது. உள்பக்கம் விரலால் தடவினால் வெல்டிங் மேடு தட்டுப்படும்.

காலத்துக்குப் பொருந்தாத உறுப்புகளையும் கவனியுங்கள். மினி சலூன்களில் ஹைட்ரோலாஸ்டிக் (திரவத்தால் இயங்கும்) சஸ்பென்ஷன் வந்தது 1964 செப்டம்பரில். பெரிய பின்கண்ணாடியுள்ள மார்க் 2 ஷெல் 1967 அக்டோபரில். 'டி' எழுத்துள்ள காரில் மார்க் 2 ஷெல் இருந்தால் அது பிற்பாடு மாற்றியது. எப்போது, யார் மாற்றினார்கள் என்பதே அடுத்த கேள்வி.

பிறகு புகைப்படங்கள். ஒரே பதிவெண்ணின் படங்களை ராலி வாரியாகத் தேதி வரிசையில் அடுக்குங்கள். விளக்குத் தாங்கிகள், ரிவெட்டுகள், டேஷ்போர்டு சுவிட்சுகள் எல்லாம் கையால் பொருத்தியவை. காருக்குக் கார் வேறுபடும். இரண்டு ராலிகளுக்கு நடுவே இவை ஒட்டுமொத்தமாக இடம் மாறியிருந்தால் ஷெல் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். படத்தில் அளவெடுக்க, காரின் 10 அங்குல வீலை அளவுகோலாகப் பயன்படுத்தலாம். ஆனால் அளக்கும் பொருளும் வீலும் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டைக் காட்டி விலை கேட்பார்கள். கார் அந்தக்கால விதிகளுக்கு ஏற்ப உள்ளது என்பதற்கு மட்டுமே அது சான்று. எந்த ராலியில் ஓடியது என்பதற்கு அல்ல. ஒரே பதிவெண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கோரினால், அபிங்டன் விற்ற நாள் முதல் இன்றுவரை உரிமையாளர் வரிசை அறுபடாத காரே அந்தப் பெயருக்கு உரியது. கழித்துப்போட்ட ஷெல்லிலிருந்து பின்னாளில் எழுப்பிய காரை, உண்மையான வொர்க்ஸ் இரும்பு என்ற மதிப்பில் வாங்குங்கள். வரலாற்றுக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.