ஜூன் விடுமுறையில் இரவுச் சமையல்: எது முதலில் கெடுமோ அதை முதலில் சமையுங்கள்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் மே மாதம் இங்கே ஆண்டின் ஆக வெப்பமான மாதங்களில் ஒன்று. அது முடிகிற கையோடு பள்ளிகளுக்கு நான்கு வார ஜூன் விடுமுறை வந்துவிடும். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருப்பார்கள், அடுப்படியில் புழுக்கம், வேலை முடிந்து ஆறரைக்குக் கதவைத் திறந்தால் "இன்னைக்கு என்னம்மா சாப்பாடு?"

வாரத்துக்குச் சமையல் பட்டியல் போடலாம் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஆசைப் பட்டியல்தான் போடுகிறார்கள். திங்கள் சாம்பார், செவ்வாய் கோழி, புதன் மீன், வியாழன் கீரை என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுவார்கள். புதன் வரும்போது மீன் வாடை தட்டும். வியாழனுக்குள் கங்குங் கீரை மஞ்சளாகிக் குழைந்துவிடும். தப்பு சமையலில் இல்லை, வரிசையில் இருக்கிறது. எந்த நாளில் என்ன சாப்பிடத் தோன்றும் என்பதை விட்டுவிட்டு, வாங்கியதில் எது முதலில் கெடும் என்று பார்த்து எழுதினால் பட்டியல் தானாகவே அமைந்துவிடும்.

கீழே உள்ள அளவெல்லாம் பெரியவர் இருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர் என்ற கணக்கு. 'கப்' என்றால் சோற்றுக் குக்கரோடு வரும் 180 மில்லி கப்.

படி 1: தாளில் மூன்று கட்டம்

ஒரு தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் இரண்டு நாள் தாங்காதவை: மீன், இறால், கங்குங், பாயம் கீரை, தௌகே (முளைவிட்ட பயறு), கடையில் பிழிந்து தரும் தேங்காய்ப்பால். நடுக் கட்டத்தில் மூன்று நான்கு நாள் தாங்குபவை: நீளப் பயறு, கத்தரிக்காய், தக்காளி, வெள்ளரி, வேகவைத்த பருப்பு, வதக்கிய மசாலா, புளித்த மாவு. கடைசிக் கட்டத்தில் வாரம் முழுக்க நிற்பவை: முட்டைக்கோஸ், காரட், முட்டை, காற்று நீக்கிய உறையில் வரும் தவ் குவா (கெட்டியான சோயாக் கட்டி), மீஹூன் (மெல்லிய அரிசி நூடுல்ஸ்), இக்கான் பிலிஸ் (காய்ந்த நெத்திலி), உறையவைத்த கோழி, உறையவைத்த பராட்டா.

முதல் கட்டம் திங்களுக்கும், நடுக் கட்டம் செவ்வாய் புதனுக்கும், கடைசிக் கட்டம் வியாழன் வெள்ளிக்கும் போகட்டும். இவ்வளவுதான் திட்டம். மற்றதெல்லாம் இதை நடத்திக் காட்டும் வேலை.

படி 2: ஞாயிறு காலை ஈரச்சந்தை

ஞாயிறு ஏன் என்றால், திங்கட்கிழமைகளில் பல மீன் கடைகள் திறப்பதில்லை. லிட்டில் இந்தியாவின் டேக்கா சந்தை என்றாலும் உங்கள் பேட்டைச் சந்தை என்றாலும், கூட்டம் சேர்வதற்குமுன் போய்விடுங்கள்.

பாத்தாங் (வஞ்சிரம்) மீன் 600 கிராம், ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் ஆறு துண்டாகப் போடச் சொல்லுங்கள். அதைவிட மெல்லிசாக இருந்தால் திருப்பும்போது உடையும். கனம் கூடினால் நடு வேகுமுன் மேல் கருகும். எலும்போடு கோழி 800 கிராம், கறி வெட்டாக. கங்குங் இரண்டு கட்டு. முட்டைக்கோஸ் சின்னதாக ஒன்று. வெங்காயம் ஒரு கிலோ, தக்காளி அரை கிலோ.

துருவிய தேங்காய் வாங்கினால் அதைக் கடைசியாக வாங்குங்கள். பையில் ஒரு மணி நேரம் வெயிலில் சுற்றினாலே புளிப்பு ஏறத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் 100 கிராம் அளவில் தட்டையான பைகளாகப் போட்டு உறையவையுங்கள். வேண்டும்போது ஒரு பையை எடுத்து அப்படியே மிக்ஸியில் போடலாம்.

அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு மிச்சம் இருந்தால், உணவங்காடி, அக்கம்பக்கக் கடைகளுக்கு என்று ஒதுக்கிய பங்கைச் சந்தையில், ஏற்றுக்கொள்ளும் கடைகளில் செலவழியுங்கள். பேரங்காடிக்கான பங்கை மீஹூன், எண்ணெய், பருப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: வந்தவுடன் அரை மணி நேரம்

மீனைக் கழுவி, காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் எடுத்து, டப்பாவில் ஒரே அடுக்காக வைத்து அடித்தட்டில் வையுங்கள். உப்பு போடாதீர்கள். இரவு முழுக்க உப்பில் கிடந்த மீன் நீர் விட்டு, வறுக்கும்போது விறைத்துவிடும். மசாலாவை நாளை தடவினால் போதும்.

கோழியைப் பையில் போட்டுத் தட்டையாகப் பரப்பி உறையவையுங்கள். உருண்டையாகக் கட்டி வைத்த கோழி ஓர் இரவில் முழுசாக இளகாது. வெளியே இளகி நடுவே கல்லாக இருக்கும். கங்குங்கை இப்போது கழுவ வேண்டாம். வேரை நறுக்கி, உலர்ந்த காகிதத்தில் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு உள்ளே போன கீரைதான் முதலில் அழுகும்.

விடுமுறை நாள்களில் குளிர்பதனப் பெட்டிக்கு ஓய்வே இருக்காது. பிள்ளைகள் அரை மணிக்கு ஒரு தடவை திறந்து நின்று யோசிப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய பழம், தயிர், தண்ணீர் எல்லாவற்றையும் கண்ணுக்கு நேராக ஒரே தட்டில் வையுங்கள். கதவு சீக்கிரம் மூடப்படும். உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும். சமைத்தது மேலே, பச்சையானது அடியில்.

படி 4: ஞாயிறு மாலை மூன்று வேலை

*வெங்காய மசாலா.* அரை கிலோ வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, 4 மேசைக்கரண்டி எண்ணெயில் அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து நடுத்தணலில் வதக்குங்கள். பொன்னிறம் வர 15 நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டுத் தணலைக் கூட்டினால் ஓரம் கருகி, நடு பச்சையாக நின்று, குழம்பில் அந்தப் பச்சை வாடை கடைசிவரை போகாது. பிறகு இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, இரண்டு நிமிடம் கழித்து நறுக்கிய தக்காளி 300 கிராம். எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை இன்னும் 10 நிமிடம். மூன்றில் ஒரு பங்கைப் புதன்கிழமைக்குக் குளிர்பதனப் பெட்டியிலும், மீதியை வியாழனுக்கு உறைபெட்டியிலும் வையுங்கள்.

*பருப்பு.* துவரம்பருப்பு ஒரு கப், தண்ணீர் 3 கப், மஞ்சள் ஒரு சிட்டிகை, குக்கரில் நான்கு விசில். இதில் உப்போ புளியோ இப்போது வேண்டாம்.

*மாவு.* இட்லி அரிசி 4 கப், உளுந்து 1 கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. மதியமே ஊறப்போட்டு இரவு ஒன்பது மணிக்கு அரையுங்கள். இந்த ஊர் இரவு வெப்பத்தில் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். மாலை ஐந்துக்கே அரைத்து வைத்துவிட்டுத் தூங்கினால், காலையில் மாவு மேடையில் வழிந்து, மூக்கைத் துளைக்கிற புளிப்போடு இருக்கும். மிக்ஸியில் அரைப்பவர்கள் பனிக்கட்டி போட்ட தண்ணீர் விட்டு அரையுங்கள்; மிக்ஸியின் சூடே மாவைக் கெடுக்கும். உப்பை அரைத்தவுடன் போட்டுக் கலக்கலாம். அது புளிப்பைக் கொஞ்சம் நிதானப்படுத்தும். பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். காலை ஆறு மணிக்குள் குளிர்பதனப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். இதெல்லாம் பெரிய பாடு என்று தோன்றினால் கடை மாவு வாங்குங்கள். முதல் வாரத்துக்கு அதுவே நல்லது.

படி 5: ஐந்து இரவுகள்

திங்கள்: மீன் வறுவல், ரசம், கங்குங். வீட்டுக்கு வந்ததும் 4 கப் அரிசியைக் குக்கரில் போடுங்கள். இன்றைக்கு 2 கப் போதும், மீதி நாளைக்கு. மீனில் மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் அரை, உப்பு ஒன்று, கெட்டிப் புளிக்கரைசல் ஒன்று தடவி 20 நிமிடம் வையுங்கள். அதற்குள் வேகவைத்த பருப்பில் ஒரு கரண்டி எடுத்துக் கரைத்து, நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி, இடித்த மிளகு சீரகம் தலா ஒரு தேக்கரண்டி, பூண்டு மூன்று பல் சேர்த்து 600 மில்லி ரசம் வைத்துவிடலாம். நுரை கூடி வந்ததும் இறக்குங்கள், கொதிக்க விடாதீர்கள்.

மீன் கல்லில் ஒட்டுகிறது என்றால் மூன்றில் ஒரு காரணம்: கல் காயவில்லை, மீனில் ஈரம், அல்லது பொறுமையில்லாமல் திருப்பியது. அடிப்பக்கம் பொரிந்துவிட்டால் மீன் தானே கல்லை விடும். மூன்று நான்கு நிமிடம் தொடாதீர்கள். கங்குங்கில் தண்டு முதலில், ஒரு நிமிடம் கழித்து இலை. முழுத்தணல், மூடி போடாமல், மொத்தம் இரண்டு மூன்று நிமிடம். மூடினால் கருத்துப்போகும்.

சாப்பிட உட்காருமுன் ஒரு வேலை பாக்கி. மீதிச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அரிசியில் உள்ள ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பின்னும் உயிரோடு இருக்கும். அணைத்த குக்கரில் இரவெல்லாம் சோறு கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. 5 முதல் 60 டிகிரி வரை ஆபத்தான இடைவெளி என்றும், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்கக்கூடாது என்றும் சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது. நம் வீட்டு அறை வெப்பம் அந்த இடைவெளியின் நடுவில்தான் இருக்கிறது.

செவ்வாய்: நாசி கோரெங் (மலாய் பாணி வறுத்த சோறு). நேற்றைய சோறு இன்றைக்கு உதிரியாக, லேசாகக் காய்ந்து இருக்கும். சுடுசோற்றில் செய்தால் களியாவது இதனால்தான். சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு மூன்று பல், ஊறவைத்த காய்ந்த மிளகாய் ஐந்து (பிள்ளைகளுக்கு இரண்டு போதும்), வாட்டிய பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது) ஒரு தேக்கரண்டி, எல்லாவற்றையும் கொரகொரப்பாக இடியுங்கள். பெலாச்சான் வாட்டும்போது அடுப்படி ஜன்னலைத் திறந்து, படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுங்கள். இல்லாவிட்டால் தலையணை உறைவரை மணக்கும்.

இக்கான் பிலிஸ் 40 கிராம் அலசி, நன்றாக உலர்த்தி, மொறுமொறுவென்று பொரித்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணெயில் மூன்று மேசைக்கரண்டி மட்டும் வைத்து, இடித்ததைப் போட்டு, பச்சை வாடை போய் நிறம் அடர்ந்ததும் ஒதுக்கி, மூன்று முட்டையை உடைத்துக் கிளறுங்கள். சோற்றை இரண்டு ஈடாகப் பிரித்துப் போடுங்கள். வீட்டு அடுப்பின் தணலுக்கு ஒரே ஈடு தாங்காது. சோறு வறுபடாமல் ஆவியில் நனைந்துவிடும். ஈட்டுக்கு அரை மேசைக்கரண்டி சோயா சாஸ், கடாய் ஓரமாக ஊற்றுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பெலாச்சானிலும் இக்கான் பிலிஸிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

தட்டில் பாதி காய்கறியும் பழமும் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் கணக்கு. நாசி கோரெங் அதில் தோற்கும். ஆளுக்கு அரை வெள்ளரிக்காயும் ஒரு துண்டு பப்பாளியும் வைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

புதன்: தோசை, சாம்பார். மீதிப் பருப்பு, குளிர்பதனப் பெட்டியில் உள்ள வெங்காய மசாலா, கத்தரிக்காய் இரண்டு, நீளப் பயறு ஒரு கைப்பிடி, சாம்பார்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, எலுமிச்சை அளவு புளி. காய் முக்கால் வேக்காடு வெந்த பிறகே புளி ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் காய் வேகாது. சாம்பாரில் வதக்கிய மசாலாவா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். இருபது நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும் என்பதே பதில். படுக்கப் போகுமுன் கோழிப் பையை உறைபெட்டியிலிருந்து எடுத்து, ஆழமான தட்டில் வைத்து, கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சிங்க் ஓரத்தில் வைத்து இளக்க வேண்டாம்.

வியாழன்: கோழிக் குழம்பு, பராட்டா. உறைந்த மசாலாவை நேரே சட்டியில் போட்டு இளக்கி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேசைக்கரண்டி, தயிர் மூன்று மேசைக்கரண்டி, கோழி, உப்பு. மூடி 25 நிமிடம். தணலைக் குறைத்துக் கடைசியில் 100 மில்லி பாக்கெட் தேங்காய்ப்பால். அதன்பின் கொதித்தால் திரியும். பராட்டாவை இளக விடாமல் உறைந்தபடியே கல்லில் போடுங்கள், எண்ணெய் தேவையில்லை. இளகினால் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக் கிழியும்.

வெள்ளி: மீஹூன் அல்லது வெளியே. மீஹூன் 300 கிராமைச் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். சுடுதண்ணீரில் ஊறினால் கிளறும்போது நொறுங்கும். பொரித்த தவ் குவா இரண்டு, முட்டைக்கோஸ் கால் பங்கு, காரட் ஒன்று, முட்டை. காய் வதங்கியதும் 150 மில்லி தண்ணீரும் சோயா சாஸும் ஊற்றி, கொதித்த பிறகு மீஹூனைப் போட்டு, கரண்டியை விட்டுவிட்டு இரண்டு இடுக்கியால் தூக்கித் தூக்கிக் கலக்குங்கள்.

உணவங்காடிக்குப் போகலாம் என்றால் கிளம்புமுன் அது பராமரிப்புக்கோ துப்புரவுக்கோ மூடியிருக்கிறதா என்று பாருங்கள். தேசிய சுற்றுப்புற வாரியம் தேதிகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. வெளியே போனாலும் மீஹூன் வீணாகாது, அலமாரியில் அடுத்த வாரத்துக்கு இருக்கும். முட்டைக்கோஸை மட்டும் வெட்டிய பக்கம் காயாமல் மூடி வையுங்கள். சனிக்கிழமைப் பொரியலுக்கு ஆகும்.