லென்ஸ் தொலைநோக்கி வாங்குவோர் சறுக்கும் இடங்கள்

பெட்டியின் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ‘675 மடங்கு’ என்று போட்டிருப்பார்கள். கணக்கில் பொய் இல்லை. குவியத்தூரம் (முகப்பு லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையிலான தூரம்) 900 மி.மீ. உள்ள குழாயில் 4 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 225 மடங்கு. கூடவே தரும், உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் செருகினால் 675. ஆனால் முகப்பு லென்ஸின் விட்டம் 70 மி.மீ. என்றால் அது தாங்குவது அதிகபட்சம் விட்டத்தின் இரண்டு மடங்கு, அதாவது 140. அதைத் தாண்டினால் வியாழன் பெரிதாகும், மங்கும், கலங்கும்; புதிதாக ஒரு பட்டைகூடத் தெரியாது.

பார்க்க வேண்டிய எண்கள் அதே பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும்: 70/700, 80/400, 102/1000 என்கிற மாதிரி. முதலாவது லென்ஸின் விட்டம், இரண்டாவது குவியத்தூரம், இரண்டும் மி.மீ. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது எஃப் எண். லென்ஸ் தொலைநோக்கிகளின் வகைகளைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த வகுத்தல்தான்.

விட்டம் ஒன்று, கருவி வேறு

102/500, 102/1000 இரண்டும் ‘4 அங்குல அக்ரோமேட்’ (இருவகைக் கண்ணாடி சேர்த்து நிறப்பிழையைக் குறைத்த லென்ஸ்) என்ற பெயரில்தான் விற்கின்றன. குட்டையானது தூக்கிச் செல்ல வசதி என்று அதை வாங்கி, முதல் இரவே வெள்ளிக் கோளை நோக்கித் திருப்பினால் பிறையைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு புகை நிற்கும். லென்ஸில் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. பழுது இல்லை, அந்த வடிவத்தின் குணம் அது.

ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் ஊதாவைக் கிட்டேயும் சிவப்பைத் தள்ளியும் குவிக்கும். 17ஆம் நூற்றாண்டில் இதற்கு இருந்த ஒரே வைத்தியம் குவியத்தூரத்தை நீட்டுவது. டான்சிக் நகரில் (இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்) வானியலாளர் ஹெவேலியஸ் கட்டிய தொலைநோக்கி சுமார் 45 மீட்டர் நீளம். கம்பம் நட்டுக் கயிற்றில் தூக்க வேண்டியிருந்தது. 1758இல் லண்டனில் ஜான் டோலண்ட், கிரவுன், ஃபிளின்ட் என்ற இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்த லென்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய அக்ரோமேட் அந்த வழியில் வந்ததுதான். சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடும். ஊதா மட்டும் சேராமல் விலகி நிற்கும். குழாய் குட்டையாகவும் லென்ஸ் அகலமாகவும் ஆக ஆக அந்த விலகல் கண்ணில் படும்.

எவ்வளவு படும் என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போடலாம். எஃப் எண்ணை, அங்குலத்தில் சொன்ன விட்டத்தால் வகுங்கள். 5க்கு மேல் வந்தால் நிறம் அநேகமாகத் தெரியாது. 3க்கு மேல் என்றால் பிரகாசமான கோள்களில் லேசாக இருக்கும், தொந்தரவு செய்யாது. 70/900க்கு 4.7 வருகிறது, 70/700க்கு 3.6, 90/900க்கு 2.8, 102/1000க்கு 2.4. குட்டைக் குழாய்களில் 80/400க்கு 1.6, 102/500க்கு 1.2 மட்டுமே. ஆக, கோள் பார்க்க 102/500ஐ விட எளிய 70/900 சுத்தமான படம் தரும். விட்டம் பெரிது என்பதாலேயே நல்லது என்று நம்புகிறவர்களுக்கு இது நம்பச் சிரமமான கணக்கு.

அதற்காகக் குட்டைக் குழாயை ஒதுக்கிவிடவும் கூடாது. 80/400இல் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 16 மடங்கு, வானத்தில் 3 டிகிரி அகலம் தெரியும். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் உள்ளே அடங்கி, சுற்றிலும் இருட்டு மிச்சமிருக்கும். அதே ஐபீஸை 102/1000இல் போட்டால் ஒன்றேகால் டிகிரிதான். கார்த்திகையின் ஓரங்கள் வெட்டுப்படும். மங்கலான விண்மீன் கூட்டங்களிலும் நெபுலாக்களிலும் ஊதா விளிம்பு தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே கண் நிறத்தைப் பிரித்தறிகிற அளவுக்கு வெளிச்சம் இல்லை. குட்டைக் குழாயில் கோள் பார்த்தே ஆக வேண்டும் என்றால் 8ஆம் எண் வெளிர்மஞ்சள் ஃபில்டரை ஐபீஸில் திருகினால் ஊதா அடங்கும். படம் சற்று மஞ்சளாகும், அவ்வளவுதான்.

‘ஏபிஓ’ என்ற எழுத்தை மட்டும் நம்புவது

நிறப்பிழையைக் குழாயை நீட்டாமல் குறைக்க, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் சிதறல் குறைந்த கண்ணாடி வேண்டும். இ.டி. என்பது அந்தக் கண்ணாடிக்குப் பொதுப்பெயர். சிதறல் எவ்வளவு குறைவு என்பதை அபே எண் சொல்லும், எண் கூடினால் நல்லது. சாதாரண கிரவுன் கண்ணாடிக்கு 64. ஓஹாரா நிறுவனத்தின் எஃப்.பி.எல்.-51க்குச் சுமார் 81, எஃப்.பி.எல்.-53, ஹோயாவின் எஃப்.சி.டி.-100 இரண்டுக்கும் சுமார் 95. ‘அபோக்ரோமேட்’ (சுருக்கமாக ஏபிஓ; அக்ரோமேட்டைவிட நிறப்பிழை குறைந்தது) என்று குழாயில் அச்சடிக்க விற்பனையாளரைத் தடுக்கும் வரையறை எதுவும் நடைமுறையில் இல்லை. அதனால் இ.டி. என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கண்ணாடி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 51 வகை என்று வைத்துக்கொண்டு விலையை எடைபோடுவது நல்லது.

எந்தக் கண்ணாடி என்பதோடு எத்தனை லென்ஸ் என்பதும் சேரும். எஃப்/7 அளவில் 80 மி.மீ. இரட்டை லென்ஸுக்கு 51 வகையே கண்ணால் பார்க்கப் போதும். வியாழனில் மெல்லிய சாயல் இருக்கலாம். 100 மி.மீ.க்குப் போனால் 53 வகைக்கோ மூன்று லென்ஸ் அமைப்புக்கோ கொடுக்கிற காசுக்கு வித்தியாசம் தெரியும். கண்ணால் மட்டும் பார்க்கிறவர் 80 மி.மீ. மூன்று லென்ஸ் வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. முன்பாரம் கூடும், வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வர நேரமும் அதிகம் எடுக்கும். கேமரா மாட்டுகிறவருக்கு நியாயம் வேறு. கண்ணுக்குத் தெரியாத ஊதாவையும் சென்சார் பிடித்துவிடும், ஒவ்வொரு நட்சத்திரமும் நீல வளையத்தோடு வீங்கும்.

படம் எடுப்பவர்கள் சறுக்கும் இன்னோர் இடம், வளைந்த குவியப் பரப்பு. இரண்டு லென்ஸோ மூன்று லென்ஸோ, படத்தின் நடுவே நட்சத்திரம் புள்ளியாகவும் மூலைகளில் கோடாகவும் விழும். இதற்கு அந்தப் பரப்பைத் தட்டையாக்கும் கூடுதல் லென்ஸான ஃபிளாட்னர் வேண்டும். அதன் பின்விளிம்பிலிருந்து சென்சார் வரை பெரும்பாலானவற்றில் 55 மி.மீ. இருக்க வேண்டும், ஒன்றிரண்டு மி.மீ. பிசகினாலே மூலைகள் நீளும், பழி லென்ஸ் மேல் விழும். முன்னும் பின்னும் லென்ஸ் தொகுதிகள் உள்ள பெட்ஸ்வால் வகையில் பின்பக்க லென்ஸ்களே இந்த வேலையைச் செய்துவிடுவதால் ஃபிளாட்னர் தேவையில்லை. விலைதான் கண்ணைக் கட்டும்.

முக்காலியில் மிச்சம் பிடிப்பது

குழாய்க்கு அள்ளிக்கொடுத்துவிட்டு, கூடவே வந்த அலுமினிய முக்காலியோடு நிறுத்திக்கொள்வதுதான் எல்லாத் தவறுகளிலும் அதிகம் நடப்பது. சோதிப்பது சுலபம். தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தை 80, 100 மடங்கில் வைத்துக் குழாயை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஆட்டம் இரண்டு விநாடிக்குள் நின்றால் நல்ல தாங்கி (முக்காலியின் மேல் குழாயைப் பிடித்துத் திருப்பும் பகுதி). ஐந்து விநாடி ஆடினால் ஃபோகஸ் குமிழைத் தொடும்போதெல்லாம் சனி நடனமாடும். எது சரியான ஃபோகஸ் என்று கண்டுபிடிக்கவே முடியாது. கால்களை முழுக்க நீட்டாமல், நடுத்தட்டைப் பொருத்தி, நடுவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் அடங்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. வியாழனும் சனியும் லண்டனில் சில ஆண்டுகள் சுமார் 15 டிகிரி உயரத்தோடு நின்று அடிவானத்தை ஒட்டியே போய்விடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வியாழனும் சனியும் தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும்போது 50 டிகிரிக்குக் கீழே இருப்பதே இல்லை. சில பருவங்களில் நேர் உச்சிக்கே வரும். ஒரு மீட்டர் நீளக் குழாயை உச்சிக்குத் திருப்பினால் அதன் வால் முக்காலிக் காலில் இடிக்கும், ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு இறங்கும். 70/900, 102/1000 வாங்குகிறவர்கள் தாங்கிக்கும் முக்காலிக்கும் நடுவே ஒரு நீட்டிப்புத் தண்டும், உட்காரக் குட்டையான நாற்காலி ஒன்றும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்குவடோரியல் தாங்கியிலும் இதே கதை. அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும்: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, நாகர்கோவிலில் 8. ஐரோப்பிய, அமெரிக்க அட்சரேகைகளை மனதில் வைத்துச் செய்த பல தாங்கிகள் அவ்வளவு தாழ இறங்காது. இறங்கினாலும் எதிர்எடைக் கம்பி முக்காலிக் காலில் முட்டும். துருவ நட்சத்திரமே கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். கண்ணால் பார்க்க மட்டும் என்றால் மேல்கீழ், இடவலம் திரும்பும் ஆல்ட்-அசிமுத் தாங்கியே போதும்.

உச்சி வானம் பார்ப்பதால், ஒளியை ஐபீஸ் பக்கம் திருப்பிவிடும் டயகனலிலும் கவனம் வேண்டும். பல பெட்டிகளில் வருவது 45 டிகிரி நிமிர்பட முப்பட்டகம். அது தரைக்காட்சிக்கு; உச்சியைப் பார்க்கக் கழுத்து ஒடியும், பிரகாசமான பொருளின் குறுக்கே ஒரு ஒளிக்கோடும் இழுக்கும். 90 டிகிரி டயகனல் வாங்குங்கள். அதில் இடவலம் மாறித் தெரியும் என்பதால் நிலா வரைபடத்தோடு ஒப்பிடும்போது குழம்ப வேண்டாம். டயகனலே வேண்டாம் என்று ஐபீஸை நேராகச் செருகினால் பல குழாய்களில் ஃபோகஸ் கிடைக்காது. டயகனலுக்குள் ஒளி போகும் தூரத்தையும் சேர்த்தே குழாயின் நீளத்தை அமைத்திருப்பார்கள்.

பெட்டியைத் திறந்த அன்றே

முகப்பு மூடியின் நடுவே சின்ன மூடி ஒன்று இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பது வழக்கமான புகார். முழு மூடியும் வர வேண்டும்.

அடுத்து, சொன்ன விட்டம் உண்மைதானா என்று பாருங்கள். சில மலிவுக் குழாய்களில் பிழையை மறைக்க உள்ளே ஒரு வளையத்தை வைத்து லென்ஸின் ஓரத்தை அடைத்திருப்பார்கள். பகலில் தொலைவில் உள்ள பொருளுக்கு ஃபோகஸ் செய்து, 20 அல்லது 25 மி.மீ. ஐபீஸோடு அப்படியே இருட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஐபீஸுக்கு ஒரு சாண் பின்னால் செல்பேசி விளக்கைப் பிடித்து, முகப்பு லென்ஸுக்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடியுங்கள். தாளில் விழும் ஒளிவட்டத்தை அளவுகோலால் அளந்தால் அதுதான் உண்மை விட்டம். 80 என்று விற்றது 60 என்று காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

ஐபீஸில் திருகும் கறுப்பு அல்லது பச்சை ‘சன்’ ஃபில்டர் இருந்தால் அன்றே குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவித்த வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடிக்கும், கண் போய்விடும். சூரிய ஃபில்டர் முகப்பு லென்ஸுக்கு முன்னால் முழுமையாக மூடி, காற்றில் கழலாதபடி இருக்க வேண்டும். ஃபில்டர் தாள் வாங்கினால் ஒளியடர்த்தி 5 என்று குறித்தது மட்டும், 3.8 என்பது படம் எடுக்க, கண்ணுக்கு ஆகாது. குறிபார்க்கக் குழாயின் மேல் மாட்டியிருக்கும் ஃபைண்டரின் மூடியையும் போடுங்கள், அதுவும் ஒரு தொலைநோக்கிதான்.

ஈரம், துடைப்பு, பிரிப்பு

ஏ.சி. அறையிலிருந்து நேரே மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் உடனே வேர்க்கும். ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடியோடு வெளியே வைத்துவிடுங்கள். மார்கழிப் பனியில் முகப்புக் குழலுக்கு மேல் கறுப்புத் தாளைச் சுருட்டி, லென்ஸ் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நீட்டினால் பனி படிவது தள்ளிப்போகும். படிந்துவிட்டால் துடைக்காதீர்கள், ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடிப்போட்டுப் பெட்டிக்குள் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படரும், மேற்பூச்சையும் அரிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள்.

உள்பக்கத் தூசியைத் துடைக்க லென்ஸைக் கழற்றுவது கடைசித் தவறு, திருத்துவதற்கும் கடினமானது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று மெல்லிய தகட்டுத் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்று நகர்ந்தாலோ, ஒரு கண்ணாடி புரண்டு உட்கார்ந்தாலோ, பிறகு எந்த ஃபோகஸிலும் நட்சத்திரம் புள்ளியாகாது. சில தூசிகள் படத்தில் தெரியவே தெரியாது, விட்டுவிடலாம். பூஞ்சை வந்து பிரித்தே ஆக வேண்டும் என்றால், வளையத்தைத் திருகி எடுத்ததும் இரண்டு கண்ணாடிகளின் விளிம்புகளையும் தொட்டபடி பென்சிலால் ‘வி’ வடிவில் ஒரு குறி போடுங்கள். கூர்முனை முகப்பை நோக்கி இருக்கட்டும். திரும்பப் பொருத்தும்போது அந்தக் குறி கூடிவந்தால் திசையும் வரிசையும் சுழற்சியும் மூன்றும் சரி. வளையத்தை இறுக்கித் திருகாமல், குலுக்கினால் லென்ஸ் ‘கட’ என்று மெல்லச் சத்தமிடும் அளவுக்கு விட்டால் போதும்; இறுக்கினால் நட்சத்திரங்கள் முக்கோணமாகும்.