மாதுளைத் தோலில் இருந்து பாலிபீனால்: கிளிசரின் வைத்து எளிய செய்முறை

மாதுளையில் நாம் குப்பையில் போடும் தோல், பழத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி. பியூனிகலாஜின் என்ற பாலிபீனால் (தாவரங்களில் இயற்கையாக இருக்கும் ஒரு வகைச் சேர்மம்) முத்துகளைவிட இந்தத் தோலில்தான் மிக அதிகம். ஆய்வகங்களில் இதைப் பிரிக்க மெத்தனால், அசிட்டோன் எடுப்பார்கள், மெத்தனால் நஞ்சு. எத்தனால் பரவாயில்லை, ஆனால் அடுப்பருகே தீப்பிடிக்கும். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் கிளிசரினும் கலந்த கரைப்பானே சரி.

தேவை: காய்ந்த தோல் தூள் 10 கிராம், மருந்துக்கடை கிளிசரின் 60 கிராம், காய்ச்சி வடித்த நீர் 140 கிராம், சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு) 1 கிராம், தெர்மாமீட்டர், தராசு. கிளிசரினை மில்லிலிட்டரில் அளக்காதீர்கள். ஒரு மில்லிலிட்டர் 1.26 கிராம் இருக்கும். போதாததற்கு அளவுக் குவளையிலும் ஒட்டிக்கொள்ளும்.

தோலில் ஒட்டிய முத்துகளை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சர்க்கரை சேர்ந்து பிசுபிசுக்கும். கழுவி, சிறு துண்டுகளாக்கி, 50 டிகிரியில் கையால் ஒடித்தால் சட்டென முறியும்வரை காயவையுங்கள். ஈரமாகவே நாள்கணக்கில் விட்டால் தோலின் நொதிகளே பாலிபீனாலைப் பழுப்பாக்கிவிடும். மிக்சியில் ரவைப் பதத்துக்கு அரையுங்கள். மாவாக்கினால் வடிதாள் அடைத்துக்கொள்ளும்.

கிளிசரின், நீர், சிட்ரிக் அமிலம் மூன்றையும் கலந்து கண்ணாடிக் குவளையில் தூளுடன் சேருங்கள். குவளையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, உள்ளே 55 முதல் 60 டிகிரி இருக்குமாறு 45 நிமிடம், அவ்வப்போது கிளறியபடி வையுங்கள். கொதிக்கவிட்டால் சாறு அதிகம் இறங்கும் என்று தோன்றும். இறங்கும்தான், ஆனால் பியூனிகலாஜின் உடைந்து எல்லாஜிக் அமிலம் என்ற வேறொரு சேர்மமாக மாறத் தொடங்கும். சூட்டோடு துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடியுங்கள். ஆறிவிட்டால் கிளிசரின் கெட்டியாகி மணிக்கணக்கில் சொட்டும்.

இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டி கூடவே கூடாது. டானின் (துவர்ப்புத் தரும் பாலிபீனால் வகை, பியூனிகலாஜினும் இதில் ஒன்று) இரும்போடு சேர்ந்து மை போல் கறுத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தாலும் இதே கதிதான். காய்ச்சி வடித்த நீர் கேட்பது அதனால்தான்.

அதே குணத்தைச் சோதனைக்கும் பயன்படுத்தலாம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடை (இது ஓர் இரும்புச் சேர்மம்) நன்றாக நீர்க்கச் செய்து, சில துளிச் சாற்றில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் டானின் வந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கறை போகாது. அளவைச் சொல்லும் சோதனை அல்ல இது, இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி. அதை ஆவியாக்கி உலர்ந்த தூள் எடுக்க முடியாது. தூள்தான் வேண்டும் என்றால் வெறும் தண்ணீரில் எடுத்து உலர்த்த வேண்டும், ஆனால் அந்தச் சாறு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

கிளிசரின் சாற்றைக் குளிர்பெட்டியில், கரும்பழுப்பு பாட்டிலில் வையுங்கள். அதிக நாள் வேண்டுமென்றால் சாற்றின் எடைக்குச் சமமாகக் கிளிசரின் சேருங்கள். குடிக்க வேண்டாம்: கடைப் பழத்தோலில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கலாம், அதுவும் சாற்றில் இறங்கும். சில நாளில் அடியில் மெல்லிய மஞ்சள் படிவு வந்தால் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் எல்லாஜிக் அமிலம். மேலே படலமோ புளித்த வாடையோ வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.