நடுவர் இல்லாத கால்பந்து: நடத்துவது எப்படி?

எல்லாரையும் சேர்க்க நினைத்தால் கோப்பைப் போட்டி வைக்காதீர்கள். நன்றாக ஆடுபவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். நான் நடத்துவது ‘ஃபுட்பால் 3’. 1990களில் கொலம்பியாவின் மெடெயின் நகரத்தில் வேர்விட்ட முறை. நடுவர் கிடையாது, ஆனால் ஆட்டத்துக்கு மூன்று பகுதிகள்.

முதலில் இரு அணியும் வட்டமாக உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவுசெய்யட்டும். அணிகளில் ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். முதல் கோலைப் பெண்தான் அடிக்க வேண்டும் என்பது மெடெயினிலேயே வந்த விதி. அதை வைத்துப் பாருங்கள், பந்து தானாகப் பெண்களிடம் போகும். பையன்கள் முணுமுணுப்பார்கள், சரி, முணுமுணுக்கட்டும்.

அப்புறம் ஆட்டம். ஃபவுலை ஆடுபவர்களே ஒப்புக்கொள்ள வேண்டும். வாக்குவாதம் வந்தால் உடனே குறுக்கே போகாதீர்கள்.

முடிந்ததும் மறுபடி வட்டம். எதிரணி எவ்வளவு நேர்மையாக ஆடியது என்று புள்ளி கொடுப்பார்கள். அது கோல் கணக்கோடு சேரும். பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.