ஃபார்மட் ஆன ஹார்டு டிஸ்க்கும் குடும்பப் படங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பி, கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்குன்னு கடையில கொடுத்து விண்டோஸை மாத்திப் போடச் சொன்னோம். இப்ப ஒரு போட்டோகூட இல்லடா." அக்கா போனில் இதைச் சொன்னபோது நான் கேட்டது ஒன்றுதான்: கம்ப்யூட்டர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா? ஓடிக்கொண்டுதான் இருந்தது. அத்தான் அதில் ஒரு ரெகவரி சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்துகொண்டிருந்தார். படங்கள் காணாமல் போன அதே ஹார்டு டிஸ்க்கில். இன்னொரு பக்கம் 'அழிந்த போட்டோவை மீட்பது எப்படி' என்று ஒரு வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தவரை, ஃபார்மட்டில் போகிற படங்களைவிட அதன்பிறகு பதற்றத்தில் செய்கிற வேலைகளில் போகிற படங்கள்தான் அதிகம்.

வழக்கமாகச் செய்யும் குயிக் ஃபார்மட்டில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் படங்கள் அழிவதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு மட்டும் புதிதாக எழுதப்படுகிறது. பட்டாவில் பெயர் போய்விட்டது, வீடு அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்குப்படி அது காலி மனை. யார் வேண்டுமானாலும் வந்து கட்டலாம். விண்டோஸ் அப்டேட் பல ஜிபி அளவில் வந்து அங்கே உட்காரும். பிரவுசர், நீங்கள் பார்க்கிற வீடியோவின் துண்டுகளை அங்கே போட்டு வைக்கும். நாம் எதையும் தொடாவிட்டாலும் வாரம் ஒருமுறை டிஃப்ராக் தானாக ஓடி, இருக்கிற ஃபைல்களை இடம் மாற்றி அடுக்கும். அப்படி ஒன்று மேலே எழுதப்பட்டுவிட்டால் கீழே இருந்த படம் போனதுதான். டேட்டா மீட்கும் எந்த லேபும் அதைக் கொண்டுவர முடியாது.

அதனால் முதலில் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். தேடுவது, படிப்பது, பிறரைக் கேட்பது எல்லாம் போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ நடக்கட்டும்.

அடுத்த தவறு, கடைக்காரரோடு சண்டை போடுவது. கோபம் நியாயம்தான். ஆனால் அவர் என்ன செய்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்தாரா, சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய்து புதிதாகப் பிரித்தாரா, குயிக் ஃபார்மட்டா ஃபுல் ஃபார்மட்டா என்று நிதானமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஃபுல் ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிடும். அதற்குப் பிறகு மீட்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஃபார்மட்டே செய்யாமல் பழைய விண்டோஸ் மேலேயே புதியதைப் போட்டிருந்தால் நிலைமை நேர்மாறு. சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே யூசர்ஸ் ஃபோல்டரில் டெஸ்க்டாப், பிக்சர்ஸ் எல்லாம் பழையபடி உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பத்து நாள் கழித்து அது தானாக நீக்கப்படும். 'சி டிரைவ் நிறைந்துவிட்டதே' என்று டிஸ்க் கிளீனப் ஓட்டி, அதைத் தாங்களே அழித்துக்கொண்டவர்களும் உண்டு.

நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு: விண்டோஸ் சி டிரைவில், நம் சாமான் எல்லாம் டி டிரைவில், ஆகவே பயமில்லை. பாதி உண்மை. டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த படம் சி டிரைவில்தான் இருக்கிறது. அக்கா வீட்டில் பெரும்பாலான படங்கள் டெஸ்க்டாப்பில், 'புதிய ஃபோல்டர் 3' என்கிற மாதிரிப் பெயர்களில்தான் கிடந்தன.

இப்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்விக்கு வருவோம். உள்ளே இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க்கா, சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டியா? பலரும் இதைக் கேட்காமலேயே நாள்கணக்கில் ஸ்கேன் ஓட்டுகிறார்கள். எஸ்எஸ்டியில் 'டிரிம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது உண்டு. ஒரு ஃபைலை அழித்தாலோ டிரைவை ஃபார்மட் செய்தாலோ, 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். அது உள்ளுக்குள் சுத்தம் செய்துகொள்ளும். பட்டாவை மாற்றிய கையோடு புல்டோசரையும் அனுப்புவது போல. அதற்கப்புறம் எந்த சாஃப்ட்வேரை வைத்துப் படித்தாலும் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான் வரும். '100 சதவீத ரெகவரி' என்று விளம்பரம் செய்கிற சாஃப்ட்வேருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய கம்ப்யூட்டரை வேகப்படுத்த ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டியை சி டிரைவாகப் போட்டு, பழைய ஹார்டு டிஸ்க்கை டி டிரைவாக விட்டிருப்பார்கள். அந்த மாதிரி வீட்டில் டி டிரைவில் முழு முயற்சி போடலாம். சி டிரைவில் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். டிஸ்க், விண்டோஸின் ரகசியப் பூட்டான பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் இன்னும் சிக்கல். 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் தோண்டியெடுப்பது எல்லாம் குப்பையாகத்தான் இருக்கும்.

சரி, ஹார்டு டிஸ்க் என்று தெரிந்துவிட்டது. அதைக் கழற்றி, டிஸ்க்கை யூஎஸ்பியில் செருக உதவும் சாட்டா-யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி, வேறு கம்ப்யூட்டரில் செருகுங்கள். செருகியதும் விண்டோஸ் ரொம்ப அக்கறையாக ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? கை தானாக 'ஓகே' பக்கம் போகும். அழுத்தாதீர்கள். 'டிஸ்க்கில் பிழை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்த வேலையைச் செய்யும் செக்டிஸ்க்குக்குப் பதிவேடு ஒழுங்காக இருந்தால் போதும், உங்கள் படத்தைப் பற்றிக் கவலை கிடையாது. அறுந்த துண்டுகளை அது 'ஃபவுண்ட்.000' என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் கொட்டிவிட்டுப் போய்விடும்.

டிஸ்க் 'டக்... டக்...' என்று சத்தம் போட்டாலோ கீழே விழுந்திருந்தாலோ இதில் எதையும் செய்ய வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அவ்வளவுதான் பலன். மூடியைத் திறந்து பார்ப்பது அதைவிட மோசம். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் ஒரு தூசி நுழைந்தாலே போதும், சேதம்தான். இதற்கென்றே தூசியில்லா அறை வைத்திருக்கும் லேபுகள் இருக்கின்றன. திறப்பதற்கு முன் எவ்வளவு ஆகும், படம் கிடைக்காவிட்டால் என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் மேசையிலேயே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவரிடமிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சத்தமில்லாத டிஸ்க்கிலும் நேரடியாக வேலை பார்க்காமல், முதலில் அதன் இமேஜை எடுப்பது நல்லது. காலி இடம் என்று தெரிவதையும் சேர்த்து, ஒரு பைட் விடாமல் எடுக்கிற நகல் அது. லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ இதற்குச் சிறந்தது. நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். 500 ஜிபி டிஸ்க்கென்றால் அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க் வேண்டும். அந்தச் செலவுக்கு யோசிப்பவர்கள்தான், மீட்ட படங்களை அதே டிஸ்க்கிலேயே சேமித்து, அடுத்து மீட்க வேண்டிய படங்கள் மேல் தாங்களே எழுதிவிடுகிறார்கள்.

கிராக் செய்த ரெகவரி சாஃப்ட்வேரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத்தைத் தேடப் போய், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேரை வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். இலவசமாகவே நல்ல கருவிகள் உண்டு. கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதிய டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் இரண்டும் அப்படிப்பட்டவை. இவற்றை எந்த வரிசையில் ஓட்டுகிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. எல்லோரும் நேராக போட்டோரெக்குக்குத் தாவுகிறார்கள். பார்ட்டிஷன் டெலீட் ஆனதுதான் பிரச்சினை என்றால், டெஸ்ட்டிஸ்க் பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, உள்ளே இருப்பதைப் பெயரோடும் ஃபோல்டரோடும் காட்டும். டிஸ்க்கில் எதையும் எழுதாமல் அங்கிருந்தே வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்துகொள்ளலாம். அது கைகொடுக்காதபோதுதான் போட்டோரெக். அது பதிவேட்டைப் பார்ப்பதில்லை. டிஸ்க்கை வரிசையாகப் படித்து, ஜேபெக் படம் தொடங்குவதற்கான அடையாள பைட்டுகள் எங்கெல்லாம் தெரிகின்றனவோ அங்கிருந்து வெட்டியெடுக்கும். அதனால் பழைய பெயரும் ஃபோல்டரும் வராது. ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இல்லாத பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் உடைந்தே வரும்.

அக்கா டிஸ்க்கில் இரவு முழுக்க ஓடிய பிறகு 38,000 ஃபைல் வந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் 'எஃப்' என்று தொடங்கி நீளமாக ஒரு எண்தான் பெயர். முதல் ஃபோல்டரைத் திறந்தால் பிரவுசர் ஐகான்கள், விளம்பரப் படங்கள், நகத்தளவு தம்ப்நெயில்கள். "இதுதானா?" என்றார் அத்தான். இந்த இடத்தில்தான் பலர் மனம் விட்டு எல்லாவற்றையும் டெலீட் செய்கிறார்கள். அளவுப்படி அடுக்கி 100 கேபிக்குக் கீழே இருப்பதை ஒதுக்கினோம். ஆறாயிரம் சொச்சம் மிஞ்சியது. அப்புறம் எக்சிஃப்டூல் என்ற சாஃப்ட்வேரை வைத்து, கேமரா படத்துக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கும் தேதிப்படி வருட வாரியாகப் பிரித்தோம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தத் தேதி இருக்காது. ஃபைல் பெயரில் இருந்த தேதியும் இப்போது போய்விட்டதால், அவற்றை அக்கா மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, யார் என்ன புடவை கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பிரித்தாள்.

மருமகளின் காதுகுத்துப் படம் பாதிதான் வந்தது. மொட்டைத் தலை, சந்தனம், ஆசாரியின் விரல்கள் வரை சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். மாமன் மடி என்று எல்லோரும் சொல்கிற என் மடியைக் காணோம். அந்த இடத்தில் புது விண்டோஸ் ஏதோ எழுதிவிட்டது. இப்படிப்பட்ட படங்களைச் சரிசெய்து தருவதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்த பைட்டுகளே இல்லாதபோது அவை எதை வைத்து நிரப்பும்?

கம்ப்யூட்டரையே குடைந்துகொண்டிருப்பதும் ஒரு தவறுதான். அந்தப் படம் கம்ப்யூட்டரில் பிறக்கவில்லை. பழைய ஜிமெயில் முகவரியில் கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். 2021 ஜூன் 1 வரை அங்கே 'ஹை குவாலிட்டி' படங்களுக்கு அளவில்லாத இடம் இலவசம். எந்தப் போனிலாவது எப்போதோ பேக்கப் ஓடியிருக்கும். ஒன்டிரைவும் கேட்காமலே பிக்சர்ஸ் ஃபோல்டரை எடுத்து வைத்திருக்கலாம். கல்யாணப் படம் என்றால் ஸ்டூடியோவிலும், அவர்கள் கொடுத்த டிவிடியிலும் இருக்கும்.

கேமராவின் மெமரி கார்டை மறந்தே போகிறோம். படத்தை கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்திருப்போம். பெரும்பாலும் அதுவும் பதிவேட்டை மட்டும் அழிக்கிற வேலைதான். அதன்பின் அதிகம் எடுக்காமல் பீரோவில் கிடந்திருந்தால் பழைய படங்கள் அடியில் அப்படியே இருக்கும். அக்கா வீட்டு 2 ஜிபி கார்டு, கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடைத்தது. போட்டோரெக் கால் மணி நேரத்தில் 212 படங்களை எடுத்தது. காதுகுத்துப் படம் முழுதாக இருந்தது, என் மடியும் சேர்த்துத்தான். தேதி மட்டும் 2008 ஜனவரி 1 என்று காட்டியது. கேமரா வாங்கிய நாளிலிருந்து யாரும் அதில் தேதியைச் சரிசெய்யவே இல்லை. மருமகள் பிறந்தது 2010-இல்.